979 பஸ்களும் 300 வெள்ளியும்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பாவின் சம்பளத்தில் 300 வெள்ளி வெட்டினார்கள். அப்போது அவர் கோலாலம்பூருக்கும் குவாந்தானுக்கும் இடையே எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் கியர் விழவில்லை. இரண்டு மூன்று தடவை அரைத்து, கடைசியில் கியர்பாக்ஸுக்குள் பல் உடைந்துபோனது. பயணிகளை வேறு பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். கம்பெனி போமன் கியர்பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, தாளில் ஒரே ஒரு வரி எழுதினார்: ஓட்டுநர் தவறு. மாதத்துக்கு நூறு வெள்ளியாக மூன்று மாதம் பிடித்தார்கள். அந்த மூன்று மாதமும் நான் டியூஷனுக்குப் போகவில்லை. அப்பா அதைப் பற்றி அதிகம் பேசியதும் இல்லை. "என்னாத்த சொல்றது, கியரு என் கையில இருந்தப்பதான ஒடைஞ்சிச்சு" என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, லாரி, பஸ் கியர்பாக்ஸ்களைப் புதுப்பிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். மேனுவல் கியர்பாக்ஸைக் கழற்றி ஆட்டோமேட்டிக் போடுவது சம்பந்தமாக ஒரு தடவை தேடிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் பழைய பஸ்களை வாங்கி வீடாக மாற்றி வைத்திருப்பவர்களின் உலகம் கண்ணில் பட்டது. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த அறுபது எழுபது வருடத்துப் பஸ்கள். அவற்றில் சிலவற்றுக்குச் சொந்தக்காரர்களே கியர்பாக்ஸ் மாற்றுகிறார்கள். அந்தப் பஸ்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'சீனிக்ரூஸர்'. வாசிக்க வாசிக்க ஒன்று தெரிந்தது. இந்தப் பஸ்ஸின் கியர்பாக்ஸை மாற்றும் வேலை இன்றைய ஆட்களோடு தொடங்கவில்லை. 1961இலேயே ஒரு தடவை மாற்றியிருக்கிறார்கள். அதுவும் ஒன்று இரண்டு இல்லை, 979 பஸ்களில்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நெடுந்தூரப் பேருந்துக்குப் பல பக்கமும் போட்டி. சொந்தக் கார் வாங்குவோர் பெருகிக்கொண்டிருந்தார்கள். ரயில்களில் கண்ணாடிக் கூரையோடு உயர்த்திக் கட்டிய 'டோம்' பெட்டிகள் வந்திருந்தன. ஆட்கள் மேலே உட்கார்ந்து மலையையும் பாலைவனத்தையும் பார்த்துக்கொண்டே போனார்கள். கிரேஹவுண்ட் பஸ் நிறுவனத்துக்கும் அப்படி ஒன்று தேவைப்பட்டது. பஸ்ஸின் முன்பகுதியில் ஓட்டுநருக்குப் பின்னால் தாழ்வான ஒரு தளம், அதில் 10 பேர். அதற்குப் பின்னால் படியேறிப் போனால் உயரமான இன்னொரு தளம், அதில் 33 பேர். உயர்ந்த தளத்துக்குக் கீழே பெட்டிகள் வைக்கும் இடம். கழிப்பறை, குளிர்சாதனம், இரும்புப் பட்டைகளுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் தாங்கும் சஸ்பென்ஷன். தோற்றத்தை வடிவமைத்ததில் புகழ்பெற்ற ரேமண்ட் லோவிக்குப் பங்கு உண்டு. தயாரித்தது ஜெனரல் மோட்டார்ஸ். 1954 முதல் 1956 வரை மொத்தம் 1,001 பஸ்கள், அத்தனையும் கிரேஹவுண்டுக்காக மட்டுமே. ஜெனரல் மோட்டார்ஸ் கணக்கில் அதன் பெயர் பி.டி.-4501.

பஸ்ஸின் நீளம் 40 அடி. அந்தக் காலத்தில் பல மாநிலங்கள் 35 அடிக்கு மேல் பஸ் ஓட அனுமதிக்கவில்லை. கிரேஹவுண்ட் சட்டத்தை மாற்றச் சொல்லிப் பேசியும் முன்மாதிரி வண்டியைக் காட்டியும்தான் அந்த ஐந்து அடியை வாங்கியது. நீளமும் எடையும் கூடியதால் பின்னால் ஓர் அச்சு அதிகம் தேவைப்பட்டது. பஸ்ஸைப் பார்த்தால் உடனே கண்ணில் படுவது அந்தப் பின்பக்க இரட்டை அச்சுதான்.

கண்ணில் படாத இடத்தில்தான் சிக்கல் இருந்தது. இவ்வளவு எடையை இழுக்கப் பெரிய எஞ்சின் வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் டெட்ராய்ட் டீசல் பிரிவு 1938 முதல் '71' என்ற வரிசையில் எஞ்சின்களைச் செய்துவந்தது. ஒவ்வொரு சிலிண்டரும் 71 கன அங்குலம், ஏறத்தாழ 1.16 லிட்டர். அதனால்தான் அந்தப் பெயர். நான்கு சிலிண்டர் என்றால் 4-71, ஆறு என்றால் 6-71. சிலிண்டர், பிஸ்டன் போன்ற உறுப்புகள் எல்லாவற்றுக்கும் பொது என்பது அந்த வரிசையின் பெரிய வசதி. அக்காலத்து மற்ற நெடுந்தூரப் பஸ்களுக்கு 6-71 போதுமானதாக இருந்தது. சீனிக்ரூஸருக்குப் போதாது. எட்டு சிலிண்டரை 'வி' வடிவில் அடுக்கிய 8வி-71 அப்போது இன்னும் சந்தைக்கு வரவில்லை. பஸ் வேண்டும், எஞ்சின் இல்லை. அதனால் இரண்டு 4-71 எஞ்சின்களைப் பின்னால் வைத்தார்கள்.

பொறியியல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் லேசாக வயிறு கலங்கும். ஒரே மாதிரியான இரண்டு எஞ்சின்கள் எந்த நேரத்திலும் துல்லியமாக ஒரே வேகத்தில் சுற்றாது. இரண்டையும் இரும்பால் இறுக்கிக் கட்டினால் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்காகத் திரவ இணைப்பைப் பயன்படுத்தினார்கள். எண்ணெய்க்குள் எதிரெதிராக இருக்கும் இரண்டு துடுப்புச் சக்கரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சுற்றினால் எண்ணெய் தள்ளப்பட்டு மற்றதும் சுற்றும். இரும்பும் இரும்பும் தொடுவதில்லை. கொஞ்சம் வழுக்கும், அந்த வழுக்கலில் இரண்டு எஞ்சின்களின் வேக வித்தியாசம் கரைந்துபோகும். ஆனால் வழுக்கல் என்பது சக்தி இழப்பு, சூடு. அதோடு எல்லாமே இரண்டிரண்டு. இரண்டு எரிபொருள் அமைப்பு, இரண்டு ஊதி, கெட்டுப்போக இரண்டு மடங்கு இடம். சாலையில் அந்த ஏற்பாடு தொடர்ந்து தொல்லை கொடுத்தது, பராமரிப்புச் செலவும் ஏறிக்கொண்டே போனது.

1950களின் இரண்டாம் பாதியில் 8வி-71 வந்தது. கணக்கைப் பாருங்கள். இரண்டு 4-71 சேர்ந்தால் 568 கன அங்குலம். ஒரு 8வி-71 என்றாலும் அதே 568. அதாவது எட்டு சிலிண்டர் அப்படியேதான் இருக்கிறது, ஒரே உடலுக்குள் வந்துவிட்டது. இரண்டு எஞ்சின்களைச் சேர்க்க இருந்த சிக்கலான ஏற்பாட்டுக்கு இனி வேலை இல்லை.

1961-62இல், அப்போது மிச்சமிருந்த 979 சீனிக்ரூஸர்களையும் கிரேஹவுண்ட் மறுபடி கட்டச் சொன்னது. வேலையை எடுத்துச் செய்தது மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம். லாரிகளை எல்லாச் சக்கரமும் இழுக்கும்படி மாற்றிக் கொடுத்தும், மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ்கள் செய்தும் பெயர் வாங்கிய நிறுவனம் அது. அவர்கள் இரண்டு எஞ்சின்களையும் கழற்றி ஒரு 8வி-71 வைத்தார்கள். பக்கச் சுவர்களை வலுப்படுத்தினார்கள். பழைய இணைப்பு, கியர் ஏற்பாட்டை எடுத்துவிட்டு ஸ்பைசர் நான்கு கியர் மேனுவல் கியர்பாக்ஸ் பொருத்தினார்கள்.

முதலில் படித்தபோது எனக்கு இது பின்னோக்கிப் போனது போலத் தெரிந்தது. கியர்கள் ஒன்றோடொன்று உராயாமல் சேர உதவும் சிங்க்ரோமெஷ்ஷை ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே தன் காடிலாக் காரில் கொண்டுவந்துவிட்டது. 1939இல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் ஹைட்ராமேட்டிக் என்ற முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் ஏர்ல் தாம்சன் என்ற ஒரே பொறியாளர். 1940களின் இறுதிக்குள் அந்நிறுவனத்தின் நகரப் பஸ்களிலும் கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத கியர்பாக்ஸ்கள் வந்துவிட்டன. அப்படியிருக்க, 1961இல் நாட்டின் மிகக் கவர்ச்சியான பஸ்ஸுக்கு எதற்கு மேனுவல்?

காரணம் சாலையில் இருக்கிறது. நகரப் பஸ் சில நூறு மீட்டருக்கு ஒருமுறை நின்று கிளம்பும். ஒரு நாளில் ஓட்டுநர் ஆயிரக்கணக்கான தடவை கியர் மாற்ற வேண்டும், அங்கே ஆட்டோமேட்டிக் அவரைக் காப்பாற்றும். நெடுந்தூரப் பஸ் ஒருமுறை கடைசிக் கியருக்குப் போய்விட்டால் மணிக்கணக்கில் அதே வேகம். மேனுவல் கியர்பாக்ஸின் நான்காவது கியரில் சக்தி கிட்டத்தட்ட இழப்பே இல்லாமல் நேராகப் போகும். எண்ணெய் வழுக்கல் இல்லை, வீண் சூடு இல்லை. உடைந்தாலும் எந்த ஊர்ப் பட்டறையிலும் திறந்து பார்க்கலாம். 1956இல் கூட்டரசு நெடுஞ்சாலைச் சட்டம் நிறைவேறி, நாடு முழுவதும் இன்டர்ஸ்டேட் சாலைகள் வந்துகொண்டிருந்த சமயம் வேறு. நிற்காமல் ஓடும் சாலைக்கு எளிய கியர்பாக்ஸ். கணக்கு சரிதான்.

ஆனால் இயந்திரத்தில் இருந்து எடுத்த வேலை காணாமல் போய்விடாது. அது யாரிடமாவது போய்ச் சேர வேண்டும். இங்கே அது ஓட்டுநரிடம் போனது.

சிங்க்ரோமெஷ் இல்லாத கியர்பாக்ஸை 'டபுள் கிளட்ச்' போட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். மூன்றாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது, மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள விகிதம் 1.6 என்று வைத்துக்கொள்வோம். நான்காவது விழ வேண்டுமென்றால் எஞ்சின் 1,250 சுற்றுக்கு இறங்கியிருக்க வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, வேகம் இறங்கும்வரை காத்திருந்து, மறுபடி கிளட்சை மிதித்து நான்காவதைப் போட வேண்டும். அவசரப்பட்டால் அரைக்கும். தாமதித்தாலும் அரைக்கும். ஏற்றத்தில் கீழ்க் கியருக்கு வருவது இன்னும் கஷ்டம். 1,250இல் இருக்கும் எஞ்சினை நியூட்ரலில் எண்ணெய் மிதித்து 2,000க்கு ஏற்ற வேண்டும். அந்த ஒரு நொடியில் மேட்டில் பஸ்ஸின் வேகமும் குறைந்துகொண்டே இருக்கும், ஆக, தேவைப்படும் எண்ணும் மாறிக்கொண்டே இருக்கும். இந்தக் கணக்கைத் தாளில் போட எனக்கு கால்குலேட்டர் தேவைப்பட்டது. ஓட்டுநர்கள் அதைக் காதால் போட்டார்கள்.

காதால் போடுவதும் இந்தப் பஸ்ஸில் சுலபமில்லை. ஓட்டுநர் முன்னால், தாழ்ந்த தளத்தில். எஞ்சின் வால் பக்கத்தில். நடுவில் முப்பது அடிக்கு மேல் தூரம், நாற்பத்து மூன்று பயணிகள். கியர்பாக்ஸும் எஞ்சினோடு பின்னால்தான் இருக்கிறது. ஓட்டுநரின் கை அருகே இருக்கும் கம்பை அசைத்தால், தரைக்கு அடியில் ஓடும் நீண்ட கம்பிகளும் மூட்டுகளும் அந்த அசைவைக் கடைசிவரை கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு புஷ் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், எல்லாத் தேய்மானமும் கூட்டாகச் சேரும். முன்னால் கை கம்பை முழுசாகத் தள்ளிவிட்டதாக நினைக்கும். பின்னால் பற்கள் பாதிதான் சேர்ந்திருக்கும். பாதி சேர்ந்த பற்கள்மேல் பாரம் விழுந்தால் ஒன்று கியர் நழுவும், இல்லாவிட்டால் பல்லின் நுனி சிதறும்.

1970களில் கிரேஹவுண்ட் இந்தப் பஸ்களைக் கழித்துவிட்டது. சில சிறிய நிறுவனங்களுக்குப் போயின, பல இரும்புக் கடைக்குப் போயின, சிலவற்றைத் தனியாட்கள் வாங்கி இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு வீடாக்கிக்கொண்டார்கள். அவர்களில் அநேகர் பஸ் ஓட்டுநர்கள் இல்லை. வருஷத்தில் சில வாரம் மட்டும் வண்டியை வெளியே எடுப்பவர்கள். டபுள் கிளட்ச் தினமும் செய்தால்தான் கைக்கு வரும். இறக்கத்தில் ஒரு கியர் தவறிப்போய் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் பதினைந்து டன் பஸ்ஸைப் பிடித்து நிறுத்த பிரேக் மட்டும்தான் மிச்சம். அதனால் சிலர் இரண்டாம் முறையாகக் கியர்பாக்ஸை மாற்றுகிறார்கள். இந்த முறை மேனுவல் போய், பெரும்பாலும் அலிசன் ஆட்டோமேட்டிக் வருகிறது.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுவதுபோல் தெரியும். உண்மையில் பஸ்ஸில் பாதியைத் தொட வேண்டியிருக்கும். எஞ்சினின் பின்முகத்தில் உள்ள போல்ட் துளைகளும் கியர்பாக்ஸின் முகமும் பொருந்த வேண்டும். எஞ்சின் சுற்றும் திசை பார்க்க வேண்டும், '71' வரிசை எஞ்சின்களை இரண்டு திசையிலும் சுற்றும்படி செய்திருக்கிறார்கள். புதிய கியர்பாக்ஸின் நீளம் வேறாக இருந்தால் அச்சுக்குப் போகும் தண்டை வெட்டியோ நீட்டியோ, மறுபடி சமநிலை பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம் சூடு. ஆட்டோமேட்டிக்கில் உள்ள டார்க் கன்வெர்ட்டர் எண்ணெய் வழுக்கலால்தான் வேலை செய்கிறது. மலை ஏறும்போது அது கக்கும் சூட்டையும் எஞ்சினின் ரேடியேட்டர்தான் தாங்க வேண்டும். சொந்த எஞ்சினின் சூட்டுக்கே திணறும் பழைய ரேடியேட்டர் என்றால், கியர் மாற்றியவர் அடுத்த மாதம் அதையும் மாற்றுவார். 1961இல் வெளியே அனுப்பிய எண்ணெய் வழுக்கல் இப்படி வேறு வழியாக உள்ளே வருகிறது. தரைக்கடியில் ஓடிய அந்தக் கம்பிகளுக்கும் கிளட்ச் மிதிக்கும் அதோடு வேலை முடிகிறது.

பழைய பஸ்ஸின் ஆன்மாவே போய்விட்டது என்று இதற்கு வருத்தப்படுபவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. மூட்டு வலியோடு ஒரு கிளட்ச்சை மிதிப்பவரைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இருக்காது என்று நினைக்கிறேன். எனக்குள் தங்கிப்போனது 979 என்ற அந்த எண்தான். பஸ் வந்து ஏழெட்டு வருஷத்தில், ஓடிக்கொண்டிருந்த அத்தனையையும் உள்ளே இழுத்து மாற்றியிருக்கிறார்கள். ஒன்று இரண்டு பஸ் கெட்டால் ஓட்டினவன் சரியில்லை என்று சொல்லிவிடலாம். எல்லாப் பஸ்ஸும் கெட்டால் அப்படிச் சொல்ல முடியாது. அந்த எண், வடிவமைப்பில் தப்பு இருந்தது என்பதற்கான ஒப்புதல். அப்பாவின் பஸ் ஒன்றே ஒன்று. அதனால் அது அவருடைய தப்பாகிவிட்டது.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது சீனிக்ரூஸர் படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார்.

"அழகா இருக்கேமா. எஞ்சின் எங்க?"

"பின்னாடிப்பா."

"கியர்பாக்ஸு?"

"அதுவும் பின்னாடிதான்."

படத்தைப் பெரிதாக்கி ஓட்டுநர் இருக்கையிலிருந்து பின் சக்கரம் வரை விரலை ஓட்டினார். "அப்ப கம்பி இவ்ளோ தூரம் போவணும். புஷ்ஷு தேஞ்சா முடிஞ்சிச்சு."

நான் இரண்டு வாரம் வாசித்துக் கண்டுபிடித்ததை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "நம்ம பஸ்ஸுலயும் அதேதான்" என்றார். "நியூட்ரல்ல வச்சி கம்ப ஆட்டுனா சும்மா இவ்ளோ ஆடும்." இரண்டு கைகளையும் அரை அடி அகலத்துக்கு விரித்துக் காட்டினார்.

"யார்கிட்டயும் சொல்லலையாப்பா?"

"சொல்லாம இருப்பனா? புக்குல மூணு வாட்டி எழுதியிருக்கேன். ஓடுதுல்ல, ஓட்டுன்னாங்க."

இருபது வருஷத்தில் இதை அவர் சொல்லிக் கேட்டதே இல்லை. அம்மாவும் கேட்டதில்லை போல, அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். "அந்தக் கியர் பல்லப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்பா, நுனி மட்டும் தேஞ்சிருந்தா அது கம்பியோட கோளாறு" என்று நான் ஆரம்பித்தேன். எனக்குத்தான் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அப்பா கேட்டுக்கொண்டார். "இப்ப சொல்லி என்னமா ஆவப்போவுது. நீ அங்க வேலையில பாத்து எழுது" என்றார்.

எங்கள் பட்டறைக்கு உடைந்த கியர்பாக்ஸ் வந்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். கியர்பாக்ஸ் மட்டும்தான் எங்களிடம் வரும், பஸ் வராது. கம்பிகளும் மூட்டுகளும் பஸ்ஸோடு தங்கிவிடும். சேர்ந்த புதிதில் நானும் இரண்டு மூன்று படிவங்களில் 'தவறான கியர் மாற்றம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றை ஓட்டியவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது.

இப்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பஸ்ஸின் கம்பி மூட்டுகளில் எத்தனை மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறது என்று அளந்து அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன். சிலர் அனுப்புகிறார்கள். சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். எண் வந்த பிறகுதான் எழுதுகிறேன்.